மூன்றரை மில்லிமீட்டர்

செவர்லேயின் 350 கன அங்குல வி-8 எஞ்சினையும் அதையே திருத்திக் கட்டிய 383 எஞ்சினையும் அருகருகே வைத்தால், வெளிப்பார்வைக்கு எது எதுவென்று சொல்ல முடியாது. அதே வார்ப்பிரும்பு பிளாக், ஒவ்வொரு ஹெட்டையும் பிடித்திருக்கும் அதே 17 போல்ட்டுகள், சிலிண்டர்கள் எரியும் அதே 1-8-4-3-6-5-7-2 வரிசை. வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் கிராங்க் ஷாஃப்டில் இருக்கிறது. கனெக்டிங் ராடு பிடித்துச் சுழலும் கிராங்க் பின், மையத்திலிருந்து 3.43 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட மூன்றரை மில்லிமீட்டர், கூடுதலாகத் தள்ளி நிற்கிறது. அதனால் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தொலைவு 88.4 மில்லிமீட்டரிலிருந்து 95.25 மில்லிமீட்டராகிறது. இப்படி ஸ்ட்ரோக்கை நீட்டிக் கட்டிய எஞ்சினுக்குத்தான் அமெரிக்கப் பட்டறைகளில் ஸ்ட்ரோக்கர் என்று பெயர். 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி-10 போன்ற பழைய பிக்கப் வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் அதிகம் நாடும் எஞ்சின்களில் 383 ஒன்று. பெரும்பாலோர் இதைக் குதிரைத்திறனுக்காகக் கட்டுகிறார்கள். இந்த மூன்றரை மில்லிமீட்டர் தருவது முதன்மையாக இழுவைதான் என்பதும், அதை ஒப்புக்கொண்டு மற்ற பாகங்களைத் தேர்ந்தெடுத்தால்தான் எஞ்சின் நன்றாக அமையும் என்பதும் இந்த அத்தியாயத்தின் வாதம்.

ஸ்ட்ரோக்கை ஏன் நீட்ட வேண்டும், சிலிண்டரையே அகலமாகக் கடைந்துவிடலாமே என்ற கேள்விக்கு அந்த பிளாக்கின் வரலாறே பதில் சொல்கிறது. எட் கோல் தலைமையில் வடிவமைக்கப்பட்ட இந்த எஞ்சின் 1955-இல் 265 கன அங்குலத்தோடு வந்தது; போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 3.75 அங்குலம், ஸ்ட்ரோக் 3 அங்குலம். 1957-இல் போரைச் சற்று அகலமாக்கி 283 ஆக்கினார்கள். 1962-இல் போர் 4 அங்குலத்தையும் ஸ்ட்ரோக் 3.25-ஐயும் தொட்டது, அது 327. 1967-இல் ஸ்ட்ரோக் 3.48 ஆனபோது 350 பிறந்தது. இத்தனை வளர்ச்சியிலும் மாறாத ஓர் அளவு உண்டு. ஒரு சிலிண்டரின் நடுப்புள்ளிக்கும் அடுத்த சிலிண்டரின் நடுப்புள்ளிக்கும் இடையே 4.40 அங்குலம். போர் 4 அங்குலமானால் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே மிஞ்சுவது 0.40 அங்குலம், பத்து மில்லிமீட்டர். அந்தப் பத்து மில்லிமீட்டருக்குள் இரண்டு சுவர்களும், அவற்றுக்கு இடையே ஓடும் தண்ணீரும் அடங்க வேண்டும். தேய்ந்த 350 பிளாக்கை வழக்கமாக 0.030 அங்குலம் கடைவார்கள், 0.060 என்பது பெரும்பாலும் எல்லை. பக்கவாட்டில் இடம் தீர்ந்துவிட்டது. இடம் மிச்சமிருந்தது கீழே, கிராங்க் சுழலும் அறையில் மட்டும்.

செவர்லே நிறுவனமே அந்த எல்லையை ஒருமுறை தாண்டியது. 1970-இல் வந்த 400 கன அங்குல எஞ்சினில் போர் 4.125 அங்குலம், ஸ்ட்ரோக் 3.75 அங்குலம். சிலிண்டர்களுக்கு நடுவே மிஞ்சிய ஏழு மில்லிமீட்டரில் தண்ணீருக்கு வழியில்லாததால் அடுத்தடுத்த சுவர்களை ஒன்றாகவே வார்த்துவிட்டார்கள். அங்கே தேங்கும் நீராவி வெளியேறுவதற்கென்று பிளாக்கிலும் ஹெட்டிலும் தனித் துளைகள் போட வேண்டியிருந்தது. கவனமில்லாமல் கட்டினால் சூடேறும் எஞ்சின் என்ற பேர் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அதன் கிராங்க் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கத் தொடங்கியபோது லேத் பட்டறைக்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். 400-இன் கிராங்க்கில் மெயின் பேரிங் உட்காரும் கழுத்து 2.65 அங்குலம், 350-இல் 2.45. கழுத்தைக் கடைந்து ஐந்து மில்லிமீட்டர் குறைத்துவிட்டால், 400-இன் நீண்ட ஸ்ட்ரோக் 350-இன் நம்பகமான பிளாக்குக்குள் உட்காரும். 4.030 அங்குல போர், 3.75 அங்குல ஸ்ட்ரோக், எட்டு சிலிண்டர்: பெருக்கினால் 382.7 கன அங்குலம். 383 என்ற எண் இப்படித்தான் பட்டறையில் பிறந்தது. இன்று யாரும் பழைய கிராங்க்கைக் கடைய வேண்டியதில்லை. 350-இன் கழுத்து அளவிலேயே 3.75 அங்குல ஸ்ட்ரோக் கொண்ட புது கிராங்க்குகள் வார்ப்பிலும் ஃபோர்ஜிங்கிலும் விற்கின்றன. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸே பின்னாளில் எச்.டி.383 என்ற பெயரில் டிரக்குகளுக்கென்று தயார் எஞ்சின் விற்றது. பட்டறைக்காரர்கள் கண்டுகொண்ட கலவைக்கு அதைவிடப் பெரிய அங்கீகாரம் இருக்க முடியாது.

இனி முக்கியமான கேள்வி. நீண்ட ஸ்ட்ரோக் என்ன செய்கிறது? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் கடப்பாரையை வைத்துத் தொடங்குகிறது. கடப்பாரை நீளமானால் பாறை எளிதில் பெயர்வதுபோல, கிராங்க்கின் கை நீளமானால் அதே தள்ளலுக்கு அதிக முறுக்குவிசை, பட்டறை மொழியில் டார்க், கிடைக்கும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, பாதிதான் உண்மை. எரிந்து விரியும் வாயு ஒரு முறை பிஸ்டனைத் தள்ளும்போது செய்யும் வேலை மூன்றைப் பொறுத்தது: சராசரி அழுத்தம், பிஸ்டனின் பரப்பு, அது ஓடும் தொலைவு. பரப்பையும் தொலைவையும் பெருக்கினால் வருவது சிலிண்டரின் கொள்ளளவு. ஆக, அழுத்தம் ஒன்றாக இருந்தால் முறுக்குவிசை கொள்ளளவின் விகிதத்தில்தான் கூடும். அந்தக் கொள்ளளவு அகலத்தால் வந்ததா நீளத்தால் வந்ததா என்று கிராங்க்குக்குத் தெரியாது. கொள்ளளவை மாற்றாமல் கையை நீட்டினால் பிஸ்டன் சிறுத்தாக வேண்டும். சிறுத்த பிஸ்டன் குறைவாகத் தள்ளும். நீளத்தில் வந்தது அகலத்தில் போய்விடும். போர் மாறாமல் ஸ்ட்ரோக் மட்டும் நீளும்போது கடப்பாரைக் கணக்கும் கொள்ளளவுக் கணக்கும் ஒரே விடையைத் தருகின்றன. அதனால்தான் தவறான விளக்கம் இத்தனை காலம் பிடிபடாமல் தங்கியிருக்கிறது.

இதைச் சரிபார்க்க அமெரிக்காவிலேயே ஓர் அரிய வாய்ப்பு இருந்தது. 1960-களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸின் நான்கு பிரிவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு 350 கன அங்குல எஞ்சின்களைச் செய்தன. ஓல்ட்ஸ்மொபிலின் ஸ்ட்ரோக் 3.385 அங்குலம், செவர்லேயுடையது 3.48, பான்டியாக்குடையது 3.75, பியூக்குடையது 3.85. கடப்பாரை விளக்கம் சரியென்றால் நால்வரிலும் ஓல்ட்ஸ்மொபில்தான் சோப்ளாங்கியாக இருந்திருக்க வேண்டும். அது செவர்லேயைவிட இழுவையில் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. தமிழ் வாசகருக்கு இன்னும் அருகிலுள்ள சான்று சென்னையில் உருவான புல்லட். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350-இன் போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. புல்லட் 500-இன் போர் 84. ஸ்ட்ரோக் அதே 90. கடப்பாரை ஒரு மயிரிழைகூட நீளவில்லை. ஆனாலும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது எது அதிகம் இழுக்கும் என்பதில் ஓட்டியவர் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது.

அப்படியானால் 383-இல் கிடைப்பது எவ்வளவு? கொள்ளளவு 9.4 சதவீதம் கூடுகிறது. அதில் 0.030 அங்குலம் கடைந்ததால் வந்தது ஒன்றரை சதவீதம்தான். மீதி ஏறத்தாழ 7.8 சதவீதம் ஸ்ட்ரோக்கின் பங்கு. முறுக்குவிசையும் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும் என்று எதிர்பார்க்கலாம். குதிரைத்திறனும் அதே அளவு கூடுமா என்றால், கூடாது. இதற்குத் தெளிவான ஆதாரம் செவர்லேயே 1999-இல் சில்வராடோ பிக்கப்பில் கொடுத்த இரட்டை எஞ்சின்கள். 4.8 லிட்டர், 5.3 லிட்டர் இரண்டுக்கும் போர் ஒன்றே, 3.78 அங்குலம். ஸ்ட்ரோக் மட்டும் ஒன்றில் 3.268, இன்னொன்றில் 3.622. அதாவது 5.3 என்பது தொழிற்சாலையே கட்டிக்கொடுத்த ஸ்ட்ரோக்கர். கொள்ளளவு கிட்டத்தட்ட 11 சதவீதம் அதிகம். முறுக்குவிசை 285 பவுண்டு-அடியிலிருந்து 315 ஆனது. அது பத்தரை சதவீதம், கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. குதிரைத்திறனோ 255-இலிருந்து 270 வரைதான் வந்தது. ஆறு சதவீதம்கூட இல்லை. உச்சத் திறன் கிடைக்கும் வேகமும் நிமிடத்துக்கு 5200 சுற்றிலிருந்து 5000-ஆக இறங்கிவிட்டது. காரணம் காற்று. எஞ்சின் என்பது காற்றை இழுத்துத் தள்ளும் பம்பு. வால்வுகளும் அவற்றுக்குக் காற்று வரும் வழிகளும் நிமிடத்துக்கு இவ்வளவுதான் விடும் என்று ஒரு வரம்பு உண்டு. பெரிய சிலிண்டர் அந்த வரம்பைக் குறைந்த சுற்றிலேயே எட்டிவிடும். 350-ஆக இருந்தபோது 5500 சுற்றில் உச்சத் திறன் தந்த ஹெட்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் அப்படியே 383-இல் மாட்டினால், உச்சம் 5030 சுற்றுக்கு அருகே வந்து நிற்கும். திறன் கிட்டத்தட்ட பழைய எண்ணாகவே இருக்கும். அதே திறன் குறைந்த சுற்றில் கிடைக்கிறது, அதற்குக் கீழே எங்கும் இழுவை அதிகம் என்பதுதான் உண்மையான லாபம்.

சி-10 போன்ற வண்டிக்கு இந்த லாபம் ஏன் பெரிது? ஏறக்குறைய இரண்டு டன் எடை, செங்குத்தாக நிற்கும் முகப்பு, பின்னால் பாரம் அல்லது இழுவை வண்டி. இந்த வண்டியின் எஞ்சின் தன் வாழ்நாளில் மிகப் பெரும்பகுதியை 1500-க்கும் 3500-க்கும் இடைப்பட்ட சுற்றுகளில்தான் கழிக்கிறது. 6000 சுற்றில் கிடைக்கும் 400 குதிரைத்திறன் அங்கே வந்து உதவாது. இருந்தும் பல 383-கள் எப்படிக் கட்டப்படுகின்றன? பந்தயத்துக்கான அகன்ற காற்றுவழி கொண்ட ஹெட், வால்வை நெடுநேரம் திறந்தே வைத்திருக்கும் கேம், பெரிய கார்புரேட்டர். அகன்ற வழியில் குறைந்த சுற்றில் காற்று மெதுவாக நகரும். பெட்ரோல் துளிகள் காற்றோடு சரியாகக் கலக்காது. நெடுநேரம் திறந்திருக்கும் வால்வு, சிலிண்டருக்குள் வந்த காற்றில் ஒரு பகுதியைப் பிஸ்டன் மேலேறத் தொடங்கும்போது வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். மேனிஃபோல்டில் வெற்றிடம் குறைந்து, பூஸ்டர் பொருத்திய பிரேக்கின் மிதி கட்டைபோல இறுகும். மூன்றரை மில்லிமீட்டர் கொடுத்த இழுவையைக் கேமும் ஹெட்டும் சேர்ந்து பறித்துக்கொள்கின்றன. ஸ்ட்ரோக்கரின் பலனைத் தானே அழிக்கும் இந்தச் சேர்க்கை எனக்குப் பெரும் வீணாகவே படுகிறது. 1996 முதல் செவர்லே டிரக்குகளின் 5.7 லிட்டர் எஞ்சினில் வந்த வோர்டெக் ஹெட், 1.94 அங்குல உள்வால்வோடு, இதற்கு நல்ல மாற்று. அதன் காற்றுவழி சிறியது, எரியறை கச்சிதமானது. அது இருந்த எஞ்சின் 330 பவுண்டு-அடியை 2800 சுற்றிலேயே எட்டியது. கேமில், வால்வு 0.050 அங்குலம் எழும்பிய நிலையில் அளக்கும் திறப்புக் காலம் 210 முதல் 220 டிகிரிக்குள் இருந்தால் பிக்கப்புக்குப் போதும். அதே கேம் சிறிய எஞ்சினில் இருப்பதைவிடப் பெரிய எஞ்சினில் சாதுவாக நடந்துகொள்ளும் என்பதால், இந்த அளவு கஞ்சத்தனம் ஆகாது.

இழுவை எவ்வளவு கூடும் என்பது காகிதத்தில் முடிந்துவிடும். அந்த மூன்றரை மில்லிமீட்டருக்கு பிளாக்குக்குள் இடம் தேடுவது கையால் செய்ய வேண்டிய வேலை. பிளாக்கைத் தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டி, மெயின் பேரிங்குகளில் எண்ணெய் தடவிக் கிராங்க்கை உட்காரவைப்பார்கள். ரிங் போடாத ஒரு பிஸ்டனை ராடோடு முதல் சிலிண்டரில் இறக்கி, தொப்பியை முறுக்கி, கிராங்க்கைக் கையால் மெல்லச் சுழற்றுவார்கள். எங்கோ ஓரிடத்தில் டிக் என்று ஒரு சத்தத்தோடு நிற்கும். ராடு போல்ட்டின் தலை, சிலிண்டரின் அடி விளிம்பிலோ, ஆயில் சம்ப் பொருந்தும் பட்டையின் உள்பக்கத்திலோ இடித்திருக்கும். அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கிராங்க்கைக் கழற்றி, சிறு கிரைண்டரால் ஒரு பிறைபோலச் சுரண்டி, துடைத்து, மறுபடி பூட்டிச் சுழற்ற வேண்டும். இடிக்காமல் சுற்றினால் மட்டும் போதாது. எஞ்சின் சூடாகி வேகமாகச் சுழலும்போது எல்லாமே சற்று நீளும் என்பதால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். அளவு பார்க்க அந்தத் தடிமனில் ஒரு கம்பித் துண்டை நுழைத்துப் பார்ப்பது வழக்கம். எட்டு சிலிண்டருக்கும் இதையே செய்ய வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகச் சுரண்டினால் கிரைண்டர் தண்ணீர் ஓடும் அறையைத் தொட்டுவிடும், பிளாக் போய்விடும். அது முடிந்ததும் கேம் ஷாஃப்டை மாட்டி மறுபடி ஒரு சுற்று. ராடின் தோள்பட்டை கேமின் முண்டுகளுக்கு மிக அருகே வீசிப்போகும் என்பதால் சில கட்டுமானங்களில் அடிவட்டம் சிறுத்த கேம் தேவைப்படும். கேம், கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழல்வதால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தால்தான் எல்லா நிலையும் தெரியவரும். ஒரு சுற்றோடு நிறுத்தினால் அடுத்த சுற்றில் இடிக்கப்போவது கண்ணில் படாமலே போகும்.

நீண்ட ஸ்ட்ரோக்குக்கு எதிராகப் பொறியாளர்கள் வைக்கும் கடுமையான ஆட்சேபம் தேய்மானம் பற்றியது. அதைத் தள்ளிவிட முடியாது. ராடின் நீளத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் 350-இல் 1.64, அதே 5.7 அங்குல ராடோடு 383-இல் 1.52. ராடு அதிகம் சாய்கிறது: 350-இல் அதிகபட்சம் 17.8 டிகிரி, 383-இல் 19.2. சாய்வு கூடினால் பிஸ்டன் சுவரைப் பக்கவாட்டில் அழுத்துவதும் கூடும். இங்கே அது எட்டரை சதவீதத்துக்குச் சற்று அதிகம். அதோடு, ஒரே சுற்று வேகத்தில் பிஸ்டனின் ஓட்டமும் வேகமாகிறது. 5500 சுற்றில் 350-இன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 16.2 மீட்டர் ஓடினால், 383-இல் 17.5 மீட்டர். மேல் முனையில் நின்று திரும்பும்போது 350-இன் பிஸ்டன் புவியீர்ப்பைப்போல் 1950 மடங்கு முடுக்கத்தைத் தாங்குகிறது. 383-இல் 2140 மடங்கு. பிஸ்டனும் அதை ராடோடு இணைக்கும் பின்னும் ரிங்குகளும் சேர்ந்து 600 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சுற்றிலும் ராடு போல்ட்டுகளை இழுக்கும் விசை 1.28 டன். இந்த எண்களை மட்டும் பார்த்தால் ஆட்சேபம் வென்றதாகத் தோன்றும்.

ஆனால் இந்த ஒப்பீடு இரண்டு எஞ்சின்களையும் ஒரே சுற்றில் ஓட்டுகிறது. ஒரே வேலையைச் செய்யவைத்து ஒப்பிட்டால் படம் மாறுகிறது. 350 தன் உச்சத் திறனை 5500-இல் தந்தால் 383 அதே திறனை 5030-இல் தருகிறது என்று பார்த்தோம். அந்த 5030 சுற்றில் 383-இன் சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு 16 மீட்டர்; 350-ஐவிடச் சற்றுக் குறைவு. மேல்முனை முடுக்கம் சுமார் 1790 மடங்கு. எட்டு சதவீதம் குறைவு. முடுக்கம் சுற்றின் வர்க்கத்தோடு ஏறுவதால், சுற்றைக் கொஞ்சம் குறைத்தாலே ஸ்ட்ரோக் கூட்டிய சுமை கழிந்து, மேலும் கழிகிறது. நீண்ட ஸ்ட்ரோக்கைக் கட்டிவிட்டு, பழைய சிற்றெஞ்சினைப்போலவே 6500 வரை விரட்டுகிறவருக்குத்தான் ஆட்சேபம் முழுமையாகப் பொருந்தும். பக்கவாட்டு அழுத்தத்துக்கு 6 அங்குல ராடு ஒரு மருந்து. அதைப் போட்டால் சாய்வு 18.2 டிகிரிக்கு இறங்கி, சுவர் அழுத்தம் 350-ஐவிட இரண்டரை சதவீதம் மட்டுமே அதிகமாகிறது. நீண்ட ராடு முடுக்கத்தையும் பெரிதாகக் குறைக்கும் என்று சொல்லப்படுவது மட்டும் கணக்கில் நிற்கவில்லை. 2140 மடங்கு 2114 ஆகிறது, அவ்வளவே. அதன் பெரிய நன்மை வேறிடத்தில். பிளாக்கின் உயரம் 9.025 அங்குலம் மாறாதது. ராடு நீண்டால் பிஸ்டனின் பின்னுக்கு மேலிருக்கும் உயரம் 1.425 அங்குலத்திலிருந்து 1.125 ஆகக் குறுகும். குட்டையான பிஸ்டன் எடை குறைந்தது. 400-இன் கிராங்க்கில் எதிரெடைகளுக்கு உள்ளே இடம் போதாமல், முன்னாலுள்ள டாம்பரிலும் பின்னாலுள்ள ஃப்ளைவீலிலும் எடையை ஒட்டிச் சமன்செய்தார்கள். இலேசான பிஸ்டனோடு வரும் புது கிராங்க்குகளில் கிராங்க்குக்குள்ளேயே சமன்செய்துவிட முடிகிறது. இதில் கலப்படம் கூடாது. வெளிச்சமன் கிராங்க்குக்கு உட்சமன் ஃப்ளைவீலை மாட்டினால் எஞ்சின் உதறியே பேரிங்கைத் தின்றுவிடும்.

அழுத்த விகிதமும் ஸ்ட்ரோக்கோடு சேர்ந்து சத்தமில்லாமல் ஏறிவிடும். 350-இல் ஒரு சிலிண்டர் இழுப்பது 717 கன சென்டிமீட்டர், 383-இல் 784. எரியறை, கேஸ்கட், பிஸ்டன் குழி எல்லாம் சேர்ந்து மேலே மிஞ்சும் இடம் 90 கன சென்டிமீட்டர் என்றால், 350-இல் விகிதம் 9-க்குச் சற்றுக் கீழே. மேலே மிஞ்சும் அந்த இடத்தை மாற்றாமல் 383 ஆக்கினாலே 9.7. அதோடு 76 கன சென்டிமீட்டர் எரியறை கொண்ட பழைய ஹெட்டைக் கழற்றி, 64 உள்ள வோர்டெக்கை மாட்டினால் 11-ஐத் தாண்டும். வார்ப்பிரும்பு ஹெட்டோடு சாதாரண பெட்ரோலில் கலவை தானாகவே வெடித்துத் தட்டும். பாரத்தோடு மேடு ஏறும் வண்டியில் அந்தத் தட்டல் பிஸ்டனை உடைக்கும். அந்த 12 கன சென்டிமீட்டரை ஈடுகட்ட நடுவில் கூடுதல் குழியுள்ள பிஸ்டனை வாங்கினால் விகிதம் மறுபடி 9.7-க்கு வந்துவிடும்.

இத்தனை பாடு எதற்கு, 1999-க்குப் பிந்தைய 5.3 எஞ்சினையே தூக்கி சி-10-இல் வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் இன்று பெரும்பான்மை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், நன்றாகக் காற்று விடும் அலுமினிய ஹெட், ஒவ்வொரு மெயின் தொப்பிக்கும் ஆறு போல்ட்டுகள் என்று அது எல்லா வகையிலும் அடுத்த தலைமுறை. பெட்ரோல் செலவில் கார்புரேட்டர் போட்ட 383 அதன் கிட்டே நிற்க முடியாது. இன்னும் ஒரு படி மேலே போய், செவர்லேயே 2019-இல் 1962-ஆம் ஆண்டு சி-10 ஒன்றில் மின்மோட்டார்களைப் பொருத்திக் காட்டியது. சுழலத் தொடங்கும் முன்பே முழு முறுக்குவிசையும் தரும் மோட்டாரோடு எந்த ஸ்ட்ரோக்கரும் இழுவையில் போட்டியிட முடியாது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், 383-க்கு ஒரு வலுவான இடம் மிஞ்சுகிறது. ஐம்பது வருடம் ஓடிய 350 பிளாக் எப்படியும் பட்டறைக்குப் போயாக வேண்டும். சிலிண்டர் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், 0.030 கடைவதும் ஹோனிங் செய்வதும் புது பிஸ்டன் போடுவதும் எப்படியும் நடக்கும். கிராங்க்கின் கழுத்தையும் அரைக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் 3.48-க்குப் பதில் 3.75 கிராங்க்கையும் அதற்குரிய பிஸ்டனையும் தேர்ந்தெடுப்பதால் வரும் கூடுதல் செலவு, புது எஞ்சினுக்கு மவுண்டும் எக்ஸாஸ்டும் வயரிங்கும் எரிபொருள் பம்பும் தேடி அலைவதைவிடச் சிறியது. கியர் பாக்ஸ், ரேடியேட்டர், எஞ்சின் மவுண்ட் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். வண்டியோடு பிறந்த பிளாக் வண்டியிலேயே தொடரும். பழைய பொருளைத் தூக்கி எறியாமல், அதன் வார்ப்பில் இன்னும் பயன்படுத்தாமல் கிடந்த இடத்தைக் கண்டுபிடித்து வேலைவாங்குவதில் இருக்கும் பொறியியல் அழகை நான் மிகவும் மதிக்கிறேன்.

கடைசியாக, எஞ்சினுக்கு வெளியே ஒரு பாகத்தை மாற்றினால்தான் கணக்கு முழுமையாகும்: பின் அச்சிலுள்ள கிரவுன்-பினியன். 71 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரும் 3.73 விகிதமும் இருந்தால், டாப் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2780 சுற்று சுழலும். இழுவை 9.4 சதவீதம் கூடிய எஞ்சினுக்கு 3.42 விகிதம் போட்டாலே சக்கரத்தில் முன்பிருந்த அதே இழுவை கிடைக்கும். சுற்று 2550-க்கு இறங்கும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் சுவரில் தேய்த்துக்கொண்டு ஓடும் தொலைவைப் பார்த்தால், பழைய 350 3.73-உடன் 295 மீட்டர், புதிய 383 3.42-உடன் 292 மீட்டர். பாரம் இழுக்காமல் நெடுஞ்சாலையிலேயே ஓட்டுகிறவர் 3.07 போட்டால் அது 262 மீட்டராகும், சுற்று 2290. படகையோ குதிரை ஏற்றிய இழுவை வண்டியையோ பின்னால் கட்டி மலையேறுகிறவர் 3.73-ஐயே வைத்துக்கொண்டு, 1982-இல் வந்த 700-ஆர்4 கியர் பாக்ஸைப் பொருத்தினால், அதன் நான்காவது கியரின் 0.70 விகிதத்தில் 100 கிலோமீட்டருக்கு 1950 சுற்று. அந்தச் சுற்றில் தயங்காமல் இழுக்க, ஹெட்டும் கேமும் முன்சொன்னபடி சிறியவையாக இருக்க வேண்டும்.